பசிக்கும் ஒரு வரம்பு உண்டு





சென்ற ஷஅபான் மாதத்தில் ஒரு வியாழன் இரவு, பரங்கிப்பேட்டையில் உள்ள என் தமக்கையின் வீட்டிற்குச் சென்றிருந்தேன். மாடியில் ஐந்து இளைஞர்கள் வட்டமாக அமர்ந்திருந்தார்கள். அனைவரும் சிதம்பரத்தில் கல்லூரியில் படிப்பவர்கள். என் தமக்கையின் மகனும் அவர்களுள் ஒருவன். நடுவே பத்து முகம் கொண்ட பகடைகள் கிடந்தன. சில கறுப்பு, சில சிவப்பு. அருகில் ஒரு தாளில் "பசி: நமது வீட்டு விதிகள்" என்று தலைப்பிட்டு, வரிசையாக எண் போட்டு எழுதியிருந்தார்கள். எடுத்துப் பார்த்தேன். எவ்வளவு பசித்தால் எவ்வளவு இரத்தம் குடிக்கலாம் என்ற கணக்கு அதில் இருந்தது.

பகடை, இரத்தம், மனிதனைக் குடிக்கும் கற்பனைப் பிறவி. மூன்றையும் ஒரே தாளில் கண்ட நான் "இது ஹராம், எடுத்து வையுங்கள்" என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கிவிட்டேன். அந்தத் தீர்ப்புக்கு எனக்கு ஒரு நிமிடம்கூடத் தேவைப்படவில்லை.

மறுநாளிலிருந்து மருமகன் மஃக்ரிபுக்குப் பின் நடக்கும் தஃப்ஸீர் வகுப்புக்கு வரவில்லை. இரண்டு வாரங்கள் கழிந்தன. பிறகு தமக்கை தொலைபேசியில் அழைத்தார். "தம்பி, நீ சொன்னது சரியாவே இருக்கட்டும். இப்ப அவன் நீ நிக்கிற பள்ளிக்கே தொழ வர மாட்டேங்கிறான். அதுக்கு என்ன செய்யப் போற?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

ஒரு பொருளைப் பற்றிய தீர்ப்பு, அப்பொருளைச் சரியாக விளங்கிக்கொண்ட பின்னரே பிறக்க வேண்டும் என்பது மத்ரஸாவில் தொடக்கத்திலேயே நாங்கள் படித்துக்கொள்ளும் விதி. இருபது ஆண்டுகளாக அதைக் கற்பிக்கிறேன். அன்றிரவு மாடிப்படியில் நானே அதை மீறினேன். எனவே அடுத்த வியாழன் மீண்டும் சென்று, "இது என்ன விளையாட்டு என்று எனக்குச் சொல்லிக் கொடு" என்று மருமகனிடம் கேட்டேன். நான் அறிந்துகொண்டதையும், அதன் பின் நான் வந்தடைந்த கருத்தையும் பெற்றோரும் உஸ்தாதுமார்களும் சிந்திக்க வேண்டும் என்பதற்காக இங்கே எழுதுகிறேன்.

விளையாட்டு என்ன?

இது மேசையைச் சுற்றி அமர்ந்து, கதையைப் பேசியே நடத்தும் ஒரு விளையாட்டு. ஒருவர் கதைசொல்லி. மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம் ஏற்பார்கள். "இருட்டுத் தெருவில் ஒரு முதியவர் தனியாக வருகிறார், நீ என்ன செய்கிறாய்?" என்று கதைசொல்லி கேட்பார். பாத்திரம் ஏற்றவர் தாம் செய்வதைச் சொல்வார். அது நிறைவேறியதா இல்லையா என்பதைப் பகடை முடிவு செய்யும். திரையில்லை, பணப் பந்தயமில்லை. இத்தகைய விளையாட்டுகள் 1970-களில் அமெரிக்காவில் பிறந்து, இப்போது நம் கல்லூரி விடுதிகளுக்கும் வந்துவிட்டன.

இந்த இளைஞர்கள் ஆடியது 'வாம்பயர்: த மாஸ்க்கரேட்'. 1991-இல் 'ஒயிட் உல்ஃப்' என்ற அமெரிக்க நிறுவனம் வெளியிட்டது. இதில் விளையாடுபவரே வாம்பயர். அதாவது ஒரு காலத்தில் மனிதராயிருந்து, இப்போது மனித இரத்தத்தால் மட்டுமே நடமாடக்கூடிய ஒரு கற்பனைப் பிறவி. பூதங்களை வேட்டையாடும் வீரனாக நடிக்கும் விளையாட்டுகள் பல உண்டு. இதிலோ, எந்தத் தீமையைக் கண்டு அஞ்ச வேண்டுமோ அது விளையாடுபவரின் உள்ளேயே இருக்கிறது. அவருக்குப் பசிக்கிறது. அந்தப் பசியை எப்படிக் கட்டுவது என்பதே கதை முழுவதும் அவருக்கு முன் நிற்கும் கேள்வி.

பழைய பதிப்புகளில் பசி ஒரு கையிருப்புக் கணக்காக இருந்தது. இரத்தப் புள்ளிகள் இத்தனை என்று இருக்கும். ஒவ்வொரு இரவும் எழும்போது ஒன்று குறையும். ஆற்றலைப் பயன்படுத்தினால் மேலும் குறையும். 2018-இல் வந்த ஐந்தாம் பதிப்பில் இதை மாற்றினார்கள். பசிக்குப் பூஜ்யம் முதல் ஐந்து வரை அளவு வைத்தார்கள். எழும்போதும் ஆற்றலைப் பயன்படுத்தும்போதும் ஒரு பகடையை உருட்ட வேண்டும். ஆறும் அதற்கு மேலும் விழுந்தால் தப்பித்தார். ஐந்தும் அதற்குக் கீழும் விழுந்தால் பசி ஒரு படி ஏறும். பசி எத்தனையோ அத்தனை பகடைகள் சிவப்பாக மாறும். தோல்வியுறும் நேரத்தில் சிவப்புப் பகடையில் ஒன்று விழுந்தால், உள்ளிருக்கும் மிருகம் வெளிப்பட்டுப் பாத்திரத்தை அலைக்கழிக்கும். இன்னொரு விதியும் உண்டு: பசி பூஜ்யத்திற்கு இறங்க வேண்டுமானால், ஒரு மனிதனைக் கொல்லும் அளவுக்குக் குடித்தாக வேண்டும். விலங்கின் இரத்தமோ, பையில் சேமித்த இரத்தமோ ஓரளவே தணிக்கும்.

நூலில் உள்ள இவ்விதிகளை ஒவ்வொரு குழுவும் தன் விருப்பப்படி திருத்திக்கொள்ளலாம். அந்தத் திருத்தங்களையே 'வீட்டு விதிகள்' என்கிறார்கள். நான் கண்ட தாள் அதுதான்.

கற்பனை கூடுமா?

முதல் கேள்வி, இல்லாத ஒரு பிறவியாக நடிப்பது கூடுமா என்பது. பிறரைச் சிரிக்க வைக்கப் பொய் பேசுபவரைக் குறித்து வந்துள்ள எச்சரிக்கையை நாம் அறிவோம். ஆயினும் கேட்பவர், சொல்பவர் இருவருமே கதை என்று அறிந்திருக்கும் ஒன்று ஏமாற்று ஆகாது. அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் சிறு வயதில் வைத்திருந்த பொம்மைகளுள் சிறகு முளைத்த குதிரை ஒன்று இருந்தது. குதிரைக்குச் சிறகா என்று நபி (ஸல்) அவர்கள் வினவியபோது, சுலைமான் (அலை) அவர்களின் குதிரைகளுக்குச் சிறகுகள் இருந்ததாகக் கேள்விப்பட்டதில்லையா என்று அன்னையார் மறுமொழி கூறினார்கள். நபியவர்கள் கடைவாய்ப் பற்கள் தெரியும் அளவுக்குச் சிரித்தார்கள் என்று அபூதாவூத் நூலில் பதிவாகியுள்ளது. விலங்குகள் பேசும் 'கலீலா வ திம்னா' அரபு உலகில் பல நூற்றாண்டுகளாகப் படிக்கப்பட்டு வருகிறது. நம் தமிழ் முஸ்லிம் முன்னோரும் மார்க்கம் போதிக்கக் கிஸ்ஸாக்களையும் மசலாக்களையும் படைத்தார்கள். ஆகவே கற்பனை என்ற ஒரே காரணத்துக்காக இதைத் தள்ளிவிட முடியாது என்பது என் கருத்து. அந்தக் கற்பனை நெஞ்சை எப்பக்கம் இழுக்கிறது என்பதையே பார்க்க வேண்டும்.

இதில் நம் ஊருக்கே உரிய ஒரு கவனமும் தேவை. இளைஞர்கள் பேச்சுவாக்கில் தங்கள் பாத்திரத்தைக் 'காட்டேரி' என்று அழைத்தார்கள். கடலூர் மாவட்டத்துக் கிராமங்களில் காட்டேரியைக் காவல் தெய்வமாக வழிபடும் அண்டை வீட்டார் இருக்கிறார்கள். பிறர் வணங்குபவற்றைத் திட்டாதீர்கள் என்று திருக்குர்ஆன் (6:108) நம்மைத் தடுக்கிறது. இரத்தவெறி பிடித்த பாத்திரத்துக்கு அப்பெயரைச் சூட்டிக் கேலி பேசுவது அவர்கள் மனத்தைப் புண்படுத்தும். நான் இதைச் சொன்னதும் இளைஞர்கள் மறுபேச்சின்றி அப்பெயரை விட்டுவிட்டார்கள்.

பகடை கூடுமா?

இரண்டாவது கேள்வியில் நான் விட்டுக்கொடுக்கவில்லை. 'நர்த்' என்னும் பகடையாட்டம் ஆடுபவர் பன்றியின் இறைச்சியிலும் இரத்தத்திலும் கையைத் தோய்த்தவரைப் போன்றவர் என்ற கருத்தில் ஸஹீஹ் முஸ்லிமில் நபிமொழி வந்துள்ளது. பந்தயம் இல்லாவிட்டாலும் அது கூடாது என்பதே பெரும்பான்மை அறிஞர்களின் நிலை. நம் கடலோர ஊர்களில் பரவலாகப் பின்பற்றப்படும் ஷாஃபியீ மத்ஹபின் நூல்களில் இதற்கு ஓர் அளவுகோல் சொல்லப்படுகிறது. கணக்கையும் சிந்தனையையும் அடிப்படையாகக் கொண்ட ஆட்டம் ஒரு வகை. வெறும் தற்செயலை அடிப்படையாகக் கொண்ட ஆட்டம் இன்னொரு வகை. பகடை இரண்டாம் வகையைச் சேர்ந்தது. சதுரங்கத்தை மக்ரூஹ் என்ற அளவில் நிறுத்திய அறிஞர்கள், பகடையை அங்கே நிறுத்தவில்லை.

கதையை நகர்த்தும் கருவியாக மட்டுமே பகடை இருக்கிறது, எனவே இது நர்த் ஆகாது என்று ஒருவர் வாதிடலாம். அவ்வாறு கருதும் அறிஞர்கள் இக்காலத்தில் உள்ளனர். அவர்கள் மீது எனக்குக் குறையில்லை. நான் கற்ற வழியில் நின்று, பகடை இல்லாமல் இதை ஆட முடியுமா என்று மட்டும் கேட்டேன்.

சிவப்புப் பகடையிடம் எனக்கு இன்னொரு மனக்குறையும் இருந்தது. நூலின்படி, பசி முற்றிய பாத்திரம் ஒருவரைக் காயப்படுத்தினால், "பகடை அப்படி விழுந்துவிட்டது, மிருகம் செய்துவிட்டது" என்று விளையாடுபவர் ஒதுங்கிக்கொள்ளலாம். நம் அன்றாட வாழ்வில் இந்தச் சாக்குப்போக்கு புதிதன்று. "ஷைத்தான் கெடுத்துவிட்டான்" என்கிறோம்; "கோபம் கண்ணை மறைத்துவிட்டது" என்கிறோம்; "எல்லாம் கத்ரு" என்கிறோம். மறுமையில் ஷைத்தானே எழுந்து, உங்கள் மீது எனக்கு எந்த அதிகாரமும் இருக்கவில்லை, நான் அழைத்தேன், நீங்கள் வந்தீர்கள், என்னைப் பழிக்காதீர்கள் என்ற கருத்தில் பேசுவான் எனத் திருக்குர்ஆன் (14:22) அறிவிக்கிறது. பழியை ஏற்க ஷைத்தானே மறுக்கும்போது, பகடை எப்படி ஏற்கும்?

பசி எதை அனுமதிக்கும்?

மூன்றாவது கேள்வி இரத்தம். என்னை அதிகம் சிந்திக்க வைத்தது இதுதான். "மாமா, அவனுக்கு வேறு உணவே இல்லை. குடிக்காவிட்டால் அழிந்துவிடுவான். அப்படியானால் அவனுக்குக் கூடுமல்லவா?" என்று மருமகன் கேட்டான். விளையாட்டாகக் கேட்ட கேள்வி. எனக்கோ அது ஃபிக்ஹுப் பாடத்தின் நடுவே கொண்டுபோய் நிறுத்திய கேள்வி.

ஓடும் இரத்தம் விலக்கப்பட்டது. அதே வசனங்களில் (2:173, 16:115) நிர்ப்பந்தத்துக்கு ஆளானவருக்கு விதிவிலக்கும் உண்டு. அவர் அதை நாடிச் செல்பவராகவும் வரம்பு மீறுபவராகவும் இருக்கக் கூடாது. பசியை மார்க்கம் சிறிதாக எண்ணவில்லை. நபி (ஸல்) அவர்கள் பசியிலிருந்து அல்லாஹ்விடம் பாதுகாவல் தேடியிருக்கிறார்கள். ஹிஜ்ரி 18-இல் கடும் பஞ்சம் வந்தபோது, திருட்டுக்கான கைவெட்டும் தண்டனையை உமர் (ரலி) அவர்கள் நிறுத்தி வைத்ததாக வரலாறு கூறுகிறது.

ஆனால் நிர்ப்பந்தத்துக்கும் சட்டம் உண்டு. நிர்ப்பந்தம் எவ்வளவோ அவ்வளவே அனுமதி. உயிர் தரிக்கும் அளவுக்கு மேல் உண்பதற்கு நம் மத்ஹபின் வலுவான கருத்தில் இடமில்லை. ஒரு தீங்கை அதே போன்ற இன்னொரு தீங்கால் நீக்க முடியாது. ஒருவரின் நிர்ப்பந்தம் இன்னொருவரின் உரிமையை அழித்துவிடாது. இதே விதி, 1869-க்கும் 1876-க்கும் இடையே உஸ்மானியப் பேரரசில் தொகுக்கப்பட்ட 'மஜல்லா' சட்டத்திலும் தனி விதியாக இடம்பெற்றது. பசியால் சாகக் கிடப்பவர் பிறருடைய உணவை எடுத்து உண்ணலாம். எனினும் அதன் விலைக்கு அவர் பொறுப்பாவார். உணவின் உரிமையாளரும் அதே அளவு பசியில் கிடந்தால், உரிமையாளருக்கே முன்னுரிமை. எந்தப் பசியின் பெயராலும் குற்றமற்ற ஒரு மனிதனைக் கொல்ல அனுமதி இல்லை. இதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு கிடையாது.

இப்போது அந்தக் கற்பனைப் பிறவிக்கு வருவோம். அது குடிக்கும் இரத்தத்தில் இரண்டு தடைகள் இருக்கின்றன. இரத்தம் என்பதால் விலக்கப்பட்டது, அது அல்லாஹ்வின் உரிமை. இன்னொருவருடைய உடல் என்பதால் விலக்கப்பட்டது, அது அடியாரின் உரிமை. பசி முதல் தடையைத் தற்காலிகமாகத் தளர்த்தலாம். இரண்டாவதைத் தளர்த்தாது. இதை நான் விளக்கியபோது, மருத்துவ ஆய்வுக்கூடப் படிப்புப் படிக்கும் ஓர் இளைஞர், "அப்படியானால் இரத்ததானம் எப்படிக் கூடுகிறது, ஹஜ்ரத்?" என்று கேட்டார். அது சம்மதத்தால் கூடுகிறது. கொடுப்பவருக்குக் கேடு வராத அளவால் கூடுகிறது. நம் நாட்டில் ஒருமுறைக்கு 350 அல்லது 450 மில்லிலிட்டர் மட்டுமே எடுக்கிறார்கள். ஆண்கள் 90 நாட்களும் பெண்கள் 120 நாட்களும் கழித்தே மீண்டும் கொடுக்க முடியும். பெறுபவரின் தேவை எவ்வளவு பெரிதாயினும், கொடுப்பவரைக் காக்கும் வரம்பு அது.

ஃபிக்ஹு விதிகளை மாணவர்களுக்கு மனப்பாடமாகப் பலமுறை ஒப்புவிக்கச் செய்திருக்கிறேன். கற்பனையான ஒரு பிறவியின் பசியை முன்னிட்டு ஐந்து இளைஞர்கள் அவற்றோடு இரண்டு மணி நேரம் வாதாடியதை அன்றுதான் பார்த்தேன்.

புதிய வீட்டு விதிகள்

அன்றும் அடுத்த வாரமும் அமர்ந்து, பழைய தாளை அவர்களே திருத்தினார்கள். நான் கேட்ட இடத்தில் மட்டும் கருத்துச் சொன்னேன். இறுதியில் எழுதப்பட்டது இது:

1. பகடை கிடையாது. ஒவ்வொருவருக்கும் பத்துப் புளியங்கொட்டைகள். இரவு எழும்போது ஒன்று, ஆற்றலைப் பயன்படுத்தும்போது ஒன்று கிண்ணத்தில் போட வேண்டும். ஒரு செயல் நிறைவேறுமா என்பதை, எத்தனை கொட்டைகளைச் செலவிடுகிறார், எப்படிச் செய்வதாக விவரிக்கிறார் என்பதை வைத்துக் கதைசொல்லி முடிவு செய்வார்.

2. "மிருகம் செய்தது" என்று எவரும் சொல்லக் கூடாது. "நான் செய்தேன்" என்றே சொல்ல வேண்டும்.

3. எவருடைய இரத்தம் எடுக்கப்படுகிறதோ, அவருக்குப் பெயர், தொழில், வீட்டில் காத்திருக்கும் ஒருவர் ஆகிய மூன்றையும் விளையாடுபவரே சொல்ல வேண்டும். அந்த மனிதர் கதையில் மீண்டும் வருவார்.

4. சம்மதித்துக் கொடுப்பவரிடம் மட்டுமே எடுக்கலாம். கதையில் 90 நாட்கள் கழியாமல் அவரிடம் மறுபடி போகக் கூடாது. சம்மதமின்றி எடுத்தால் அது கடன். தீர்க்கும் வரை கதையில் அது துரத்தும்.

5. கொல்வதால் பசி அடங்காது. கொன்ற பாத்திரம் அத்துடன் விளையாடுபவரின் கையை விட்டுப் போகும்.

6. உண்மையாகத் துன்பப்பட்ட மக்களின் துயரத்தைக் கதைக்குப் பொருளாக்கக் கூடாது.

7. பாங்கு சொன்னால் ஆட்டம் நிற்கும். இரவு பத்து மணிக்குப் பிறகு ஆட்டம் இல்லை.

இவற்றுள் ஆறாவது விதிக்கு ஒரு பின்னணி உண்டு. 2018-இல் இதே விளையாட்டுக்காக வெளியான ஒரு துணைநூல், செச்னியாவில் மனிதர்கள் மீது அப்போது உண்மையாகவே நிகழ்ந்த துன்புறுத்தலை, வாம்பயர்கள் தங்கள் ஆட்சியை மறைக்கச் செய்த திசைதிருப்பலாகக் கதை பின்னியிருந்தது. கடும் எதிர்ப்பு எழுந்தது. அப்போது அந்த நிறுவனத்தின் உரிமையாளராக இருந்த சுவீடனின் 'பாரடாக்ஸ் இன்டராக்டிவ்' மன்னிப்புக் கேட்டு அப்பகுதியை நீக்கியது. 'ஒயிட் உல்ஃப்' தனி நிறுவனமாக இயங்குவதையும் நிறுத்தியது. இந்தச் செய்தியை எனக்குச் சொன்னவனே மருமகன்தான். நாம் தடுத்து நிறுத்த எண்ணும் பிள்ளைகளிடமும் நீதியுணர்வு விழித்திருக்கிறது.

மூன்றாவது விதியும் அவர்களே எழுதியது. ஐந்தாம் பதிப்பில், பாத்திரத்தின் மனிதத் தன்மையை உரசிப் பார்க்கும் உரைகல்லாக, உயிரோடுள்ள சில மனிதர்களைக் கதையில் வைத்துக்கொள்ளும் ஏற்பாடு உண்டாம். அதையே விரித்து, இரத்தம் பறிகொடுக்கும் ஒவ்வொருவருக்கும் ஒரு பெயர் வேண்டும் என்றார்கள். எனக்கு இந்த விதி மிகவும் பிடித்துப்போயிற்று. கடைக்காரர் எடை குறைக்கும்போது எதிரில் நிற்பவருக்குப் பெயர் இருப்பதில்லை. மணப்பெண் வீட்டாரிடம் பணமும் நகையும் கேட்கும்போது, அதற்காகக் கடன் வாங்கிய தந்தையின் முகம் நமக்குத் தெரிவதில்லை. வெளிநாட்டு வேலைக்கென்று பணம் வாங்கி அலைக்கழிக்கும் தரகருக்கும் அப்படியே. "என் பிழைப்பு, என்ன செய்வது" என்பதே எல்லோரும் சொல்லும் நியாயம். நாம் நம் பசிக்கு எழுதிக்கொள்ளும் வீட்டு விதிகளில் பிறருக்குப் பெயர் இருக்கிறதா என்று ஒவ்வொருவரும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மறுப்புகள்

என்னுடன் பணியாற்றும் மூத்த உஸ்தாத் ஒருவர் இதை ஏற்கவில்லை. "தீமைக்கு இட்டுச் செல்லும் வாசலை அடைப்பதும் மார்க்கமே. நீங்கள் வாசலுக்கு வண்ணம் பூசுகிறீர்கள்" என்றார். அவருடைய அச்சம் வீணானதன்று. இந்த விளையாட்டின் மூலநூல்கள் முதிர்ந்தோருக்கென எழுதப்பட்டவை. சிறுவர் கையில் கொடுக்கத் தக்கவை அல்ல. மத்ரஸாவில் ஓதும் பிள்ளைகளுக்கு நான் இதை ஒருபோதும் அறிமுகம் செய்ய மாட்டேன். இது நன்மை தரும் செயல் என்றும் சொல்லவில்லை. இந்த நேரத்தைப் பயனுள்ள கல்வியில் செலவிட்டால் எனக்கு மகிழ்ச்சி கூடும் என்பதை இளைஞர்களிடம் மறைக்கவுமில்லை.

ஆயினும் பத்தொன்பது, இருபது வயதுடையவர்கள் ஏற்கெனவே உள்ளே சென்றுவிட்ட ஒரு வாசலை நான் வெளியிலிருந்து அடைத்தால், அவர்கள் உள்ளேயும் நான் வெளியேயும் அல்லவா நிற்போம்? அந்த இரண்டு வாரங்களில் நடந்தது அதுதான். விளையாட்டு நிற்கவில்லை, வேறொரு வீட்டு மாடிக்குப் போயிற்று. நின்றது தஃப்ஸீர் வகுப்பு.

எல்லாம் நலமாக முடிந்தது என்றும் நான் சொல்ல மாட்டேன். பகடை இல்லாவிட்டால் சுவையில்லை என்று ஐவரில் ஒருவர் விலகிவிட்டார். அவர் வேறு நண்பர்களுடன் பழையபடி ஆடுவதாகக் கேள்வி. என் முதல் சொல் வேறாக இருந்திருந்தால் அவரும் அமர்ந்து கேட்டிருப்பாரோ என்ற எண்ணம் எனக்கு உண்டு. மற்ற நால்வரும் ஆடுகிறார்கள். பத்து மணி விதி சில இரவுகளில் மீறப்படுகிறது. அதையும் மருமகனே ஒப்புக்கொள்கிறான். இஷாவுக்குப் பின் வீண் பேச்சில் விழித்திருப்பதை நபி (ஸல்) அவர்கள் விரும்பவில்லை என்பதை நினைவூட்டினேன். ஃபஜ்ர் தவறிய நாளின் மறு வாரம் ஆட்டம் கிடையாது என்று எட்டாவதாக ஒரு விதியை எழுதியிருக்கிறார்கள். மருமகன் வகுப்புக்கு மீண்டும் வருகிறான். முன்பு முன்வரிசையில் அமர்வான். இப்போது தூணுக்குப் பின்னால் அமர்கிறான். வருகிறான் என்பதே எனக்குப் போதும், அல்ஹம்து லில்லாஹ்.

நம் பசிக்கு நாம் எழுதும் விதி

இதன் பின் ரமலான் வந்தது. முதல் நோன்பன்று தராவீஹ் முடிந்து வருகையில் மருமகனிடம் ஒன்று சொன்னேன். உங்கள் கதையில் வரும் பிறவி பகலெல்லாம் உண்பதில்லை, நோன்பாளியும் உண்பதில்லை. ஆனால் அது பகலில் உறங்குகிறது. உறக்கம் கட்டுப்பாடு ஆகாது. நோன்பாளி விழித்திருந்து, முன்னால் தண்ணீர் இருக்க, யாரும் பார்க்காதிருக்க, கையை எடுத்துக்கொள்கிறார். அந்தப் பிறவி இருளில் பிறருடையதைப் பறிக்கப் புறப்படுகிறது. நோன்பாளி அந்தி சாய்ந்ததும் ஹலாலான ஒரு பேரீச்சம்பழத்தைப் பிட்டு, பாதியைப் பக்கத்தில் இருப்பவருக்குக் கொடுக்கிறார். பள்ளிவாசலில் காய்ச்சும் கஞ்சிக்கு, தூக்குப் பாத்திரத்துடன் வரும் எவரிடமும் நாம் மதம் கேட்பதில்லை.

இந்த ஊர் அதை முன்பே செய்து காட்டியிருக்கிறது. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை பரங்கிப்பேட்டையைச் சுற்றியுள்ள மீனவ கிராமங்களைத் தாக்கியபோது, ஜமாஅத்தார் சோறு சமைத்து அம்மக்களுக்குக் கொண்டு சென்றார்கள். பசி நம் வீட்டுக்குள் இருக்கும்போது எவ்வளவு எடுக்கலாம் என்று கேட்கிறோம்; அண்டை வீட்டில் இருக்கும்போது எவ்வளவு கொடுக்கலாம் என்று கேட்டார்கள் அவர்கள். அப்போது இந்த இளைஞர்களில் யாரும் பிறந்திருக்கவில்லை அல்லது தொட்டிலில் இருந்தார்கள். நாம்தான் அவர்களுக்குச் சொல்ல வேண்டும். சொல்வதற்கு அவர்கள் நம் அருகில் அமர வேண்டும். அமர வேண்டுமானால், அவர்கள் கையிலுள்ள தாளை வாங்கி முழுவதும் படித்துவிட்டு, அதன் பிறகு நாம் வாய் திறக்க வேண்டும்.

நஃப்ஸ் தீமையைத் தூண்டக்கூடியது, என் இறைவன் அருள் புரிந்தால் அன்றி (12:53) என்ற கருத்தில் அமைந்த சொல்லை ஒவ்வொரு பசியின்போதும் நினைவில் வைப்போம். நம் பசிகளுக்கு வரம்பு அறிந்தவர்களாக, நம் பிள்ளைகளிடம் பேசும்முன் கேட்கத் தெரிந்தவர்களாக அல்லாஹ் நம்மை ஆக்குவானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.